மாப்பிள்ளை பேர் போட்ட காயிதம்

அமிர்தம்,

இந்தக் காலத்து ஆளுங்க, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டறதுக்கு முன்னாடியே பேனாவ நீட்டறானுங்க. வக்கீல் குடுத்த காயிதத்த விடியக்காலம் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மாப்பிள்ளை சரத்குமார் கண்ணுமண்ணு தெரியாம வண்டி ஓட்டினதால, பின்னாடி உக்காந்திருந்த எனக்குத் தோள் எலும்பு முறிஞ்சிச்சாம். நைனார்பாளையம் ரோட்டுல மாடு குறுக்க வந்தது அதுல இல்ல.

அப்படி எழுதினாத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவானாம், மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாம். நேத்து நீயும் அதத்தான் சொல்லி சண்டை போட்ட. அவரே "போடுங்க மாமா, பரவால்ல"ன்றாரு. ஆப்பரேஷன் செலவு எனக்கும் தெரியும். ஆனா நாளைக்கு நம்ம பொண்ணு செல்விக்கு மாமியா வூட்டுல ஒரு தகராறுன்னா, இந்தக் காயிதத்தத்தான் அவ மூஞ்சில வீசுவாங்க.

பத்து மணிக்கு வக்கீலோட ஆள் வருவான். மோர் குடுத்து, காயிதத்தயும் திருப்பிக் குடு. மாடு வந்தத எழுதினா கையெழுத்துப் போடறேன்னு சொல்லு.

சாவி கொட்டாய் ஆணியில. கூழ் குடிச்சிட்டேன். கோவத்துல நீ பட்டினி கெடக்காத.

சின்னராசு

எத்தன பேர் சொன்னாலும் எனக்கு ஒப்பல. பொண்ணு வூட்டுக்குக் கிளம்பறேன். சாயந்தரம் மாப்பிள்ளை வண்டியிலயே பின்னாடி உக்காந்து வரேன்.