எங்கும் இறங்காத கப்பல்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது.

போன வியாழக்கிழமை விடிவதற்குள் உன் அப்பா யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் கிடைத்தும்விட்டார். இப்போது எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அதனால் பதறாமல் படி. நீயும் கீர்த்தனாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் முடியவில்லை அப்பு. அவர் பக்கத்தை விட்டு நான் நகர முடிவதில்லை. அவர் காதுபட அவரைப் பற்றிப் பேசவும் மனசு வரவில்லை. நம் புளிக் குடோனுக்கு அடுத்த கடை சௌகத் அலி அண்ணன், மகளைப் பார்க்க இந்த வாரம் சிங்கப்பூர் வருகிறார். அவரிடம் இதையும் நத்தம் புளி ரெண்டு பொட்டலமும் கொடுத்துவிடுகிறேன். இந்த வருசத்துப் புளி, புளிப்பு கொஞ்சம் தூக்கல். பார்த்துப் போடச் சொல் கீர்த்தனாவை.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் லீவுக்கு எல்லாரும் சேர்ந்து கப்பலில் போகலாம், எந்த ஊர் என்று அம்மாவே சொல்லட்டும் என்று மூன்று ஊர்ப் படங்கள் அனுப்பியிருந்தாய். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட். கொச்சியில் ஏறி லட்சத்தீவு. சென்னையில் ஏறி இலங்கை. படம் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. இம்புட்டு வருசமாகப் புளி வாங்குகிறவள் நான். சாக்கு வாயில் தெரிகிற புளி என்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும். அடி வரைக்கும் கையை விட்டால்தான் நாரும் கொட்டையும் தெரியும். நேரில் போய் விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் இந்த வியாழக்கிழமை.

முழித்துப் பார்த்தால் கட்டிலில் ஆளில்லை. கொடியில் கிடந்த துண்டும் இல்லை. தெரு, கோயில், குடோன், பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடிவிட்டுப் போலீசுக்குப் போகலாமா என்று நிற்கிறேன், வடமதுரை ஆண்டிச்சாமி போன் செய்கிறார். உன் அப்பாவோடு கூட்டாக ஆட்டு வியாபாரம் பார்த்தாரே, அவர்தான். "என்ன மதினி, அண்ணன் மறுபடி யாவாரத்துல எறங்கிட்டாரா? அய்யலூர் சந்தையில நிக்கிறாரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று சிரிக்கிறார். உன் அப்பா சந்தைப் பக்கம் போவதை நிறுத்தி எத்தனையோ வருசமாகிறது. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை என்பது மட்டும் உடம்பில் நின்றிருக்கிறது. சரியான பஸ்ஸில் ஏறிச் சரியான இடத்தில் இறங்கியிருக்கிறார்.

நான் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது லாரி நிழலில் ஒரு தாயாட்டையும் குட்டியையும் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். விலை முடித்துவிட்டாராம். சந்தை வழக்கப்படி கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் அந்த ஆளின் விரல்களைப் பிடித்து அழுத்தி, வாய் திறக்காமலே பேசி முடித்திருக்கிறார். ஆடு கொண்டுவந்தவன் சித்தையன்கோட்டைக்காரன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "பாவந்தான் ஆத்தா. ஆனா கையப் பிடிச்சு முடிச்சாச்சே. அதுக்குப் பெறகு கேட்டு வந்த ஆள எல்லாம் திருப்பி அனுப்பிட்டு நிக்கேன்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். பணத்தைக் கொடுத்துவிட்டேன். விலையிலும் தப்பில்லை. நானே பேசியிருந்தாலும் அதற்குக் கீழே இறங்கியிருக்காது.

திரும்பி வரும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க எந்த ஊரு தாயி? ஆட்டப் பத்திரமா எறக்கிவிட்டுட்டுப் போங்க" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

இதுதான் நிலைமை. போனில் நீ பார்ப்பது வேறு. மோகன் பேசுறான், சாப்பிட்டியான்னு கேளுங்க என்று நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பேன், அவரும் அழகாகக் கேட்பார். மதுரை டாக்டர் இது மறதி நோய் என்கிறார். வேகமாகக் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், குறைக்க முடியாது என்கிறார். வியாழனிலிருந்து என் முந்தானையை அவர் வேட்டி நுனியோடு முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். கல்யாணத்தில் போட்ட முடிச்சுக்குப் பிறகு இப்போதுதான். அவர் புரண்டால் எனக்கு முழிப்பு வர வேண்டும் அல்லவா? மனுசர் புரண்டுகொண்டே இருக்கிறார்.

கப்பலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிடத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் சின்னவன் அஜித் இதுவரை அவர் மடியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அடுத்த வருசம் பார்க்கலாம் என்று தள்ளினால், அடுத்த வருசம் மடியில் உட்காருகிற பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியுமா என்பதை டாக்டரே சொல்ல மாட்டேன் என்கிறார். கெட்டுப்போகிற சரக்கை வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க நான் பழகவில்லை.

அதனால் நேற்று அவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிற டிராவல்ஸுக்குப் போனேன். அங்கே ஆனந்த்ராஜ் என்று ஒரு தம்பி. பேரப் பிள்ளைகளுக்கு ஆறு வயசு, மூன்று வயசு, எது தோது என்று கேட்டேன். பினாங்கு, புக்கெட்தான் பெஸ்ட் என்று ஆரம்பித்தான். ஒவ்வொரு ஊரிலும் இறங்க வேண்டும், பஸ் ஏற வேண்டும், திரும்ப வந்து வரிசையில் நிற்க வேண்டும். "பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு அனுபவம்மா" என்கிறான். மூன்று வயசுப் பிள்ளைக்கு அனுபவம் என்றால் பசி, தூக்கம், ஒன்னுக்கு, அம்புட்டுத்தான் தம்பி என்றேன். அதோடு அப்பாவின் பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டது. புதுசு எடுக்கப் போனால் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்பார்கள். அங்கே நான் எடுத்துக் கொடுக்க முடியாது. இலங்கைக்கும் அதே பாஸ்போர்ட் வேண்டும்.

லட்சத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றான். கப்பல் கரையை ஒட்டி நிற்குமா என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தான். "தள்ளித்தாம்மா நிக்கும். அங்கேருந்து சின்னப் போட்டுல மாறிக் கரைக்குப் போகணும்" என்றான். சாக்கின் அடி தெரிந்துவிட்டது. ஆடுகிற படகில் ஒரு கையில் அஜித், ஒரு கையில் உன் அப்பா. நினைத்தாலே கை வலிக்கிறது.

பிறகு அவன் ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். கூட வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்றான். மூன்று என்று சொன்னேன். "ரெண்டு பேருன்னு சொன்னீங்களேம்மா" என்றான். நான் அப்பா பக்கம் பார்த்தேன். உன் அப்பா மேசைமேல் இருந்த பொம்மைக் கப்பலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி அவரைச் செத்த நேரம் பார்த்தான். மூன்று என்று எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் கேட்டது ஒன்றுகூட எனக்கு வீணாகவில்லை. கம்பி ஏறுகிற பழக்கம் உண்டா? அப்படியென்றால் பால்கனி அறை வேண்டாம். தானாகக் கதவைத் திறப்பார்களா? அப்படியென்றால் உள்ளே உயரத்தில் தாழ்ப்பாள் கேட்டு வாங்குவோம். காணாமல் போனால் பெயர் சொல்லத் தெரியுமா? தெரியாவிட்டால் பெயரும் அறை நம்பரும் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடுவார்கள். எல்லாம் பச்சைப் பிள்ளைகளுக்கு என்று வைத்த வசதிகள்தான். யாராவது நமக்காகவே யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

எத்தனை ராத்திரி என்று கேட்கும்போது நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆனந்த்ராஜ் கைமேல் போட்டு மூடினார். அடியில் கையைவிட்டு விரல்களைப் பிடித்துவிட்டார். கையை உதறிவிடுவான், நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவன் உதறவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தான். இவர் அழுத்திவிட்டுத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிச்சாச்சு, வா போவோம்" என்றார். "எங்க தாத்தாவும் மாட்டுச் சந்தைக்குப் போனவருதாம்மா. ஐயா ரெண்டு வெரலப் பிடிச்சாரு. ரெண்டுங்கிறாரு" என்றான் அந்தத் தம்பி.

ரெண்டு ராத்திரியில் ஏதும் உண்டா என்று கேட்டேன். "ஒண்ணு இருக்கும்மா. ஆனா அது எந்த ஊருக்கும் போகாது. சென்னையில கெளம்பிக் கடல்ல சுத்திட்டுச் சென்னைக்கே வந்துரும். எங்கேயும் எறக்க மாட்டாங்க. ஊர் பாக்க ஆசப்படுறவங்க அதைக் கேக்க மாட்டாங்க" என்றான். நீச்சல் குளம், சறுக்கு, பொம்மலாட்டம், நேரத்துக்குச் சோறு, இட்லி, பால் எல்லாம் உள்ளேயே உண்டாம். அப்படியென்றால் யார் எந்தப் பக்கம் நடந்துபோனாலும் அந்தக் கப்பலுக்குள்ளேதானே இருப்பார்கள் என்று கேட்டேன். "ஆமாம்மா, எங்கே போக?" என்றான். அங்கேயே பாதிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

நீ ஊர் கேட்டாய், நான் ஊரே இல்லாத கப்பலைப் பிடித்திருக்கிறேன். பினாங்கு எங்கேயும் ஓடிப்போகாது, பிள்ளைகள் வளர்ந்த பிறகு போய்க்கொள்ளலாம். கீர்த்தனாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். என்மேல் பழியைப் போட்டுவிடு.

கப்பலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே இங்கே வந்துவிடுங்கள். உங்கள் முகம் அவருக்குப் பழக வேண்டும். வந்ததும் நான் யாருன்னு தெரியுதாப்பா என்று மட்டும் கேட்காதே. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பரீட்சையில் உட்கார்ந்த மாதிரி அவருக்கு வேர்த்துவிடுகிறது. நீயே பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிடு. ஆடு ரெண்டும் கொல்லையில்தான் நிற்கின்றன. டவுனுக்குள் ஆடு வளர்க்கிறாள் என்று தெருவே சிரிக்கிறது. குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, மூத்தவள் இளவேனில் வந்து வைக்கட்டும்.

நீங்கள் நாலு பேரும் நோய் நொடியில்லாமல், நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி இருக்க வேண்டும். அதற்குமேல் நான் சாமியிடம் கேட்பதில்லை.

ஆனந்த்ராஜோடு முடித்தது இது. பிள்ளைகள் லீவு தொடங்கி ரெண்டாவது வாரம் சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குவது. ரெண்டு ராத்திரி. பால்கனி இல்லாத உள்ளறை ரெண்டு, நடுவில் கதவு. கைப்பட்டை மூன்று. பாதிப் பணம் கட்டியாயிற்று, மீதி ஏறுவதற்கு முன்னால். போகாவிட்டால் கட்டியது திரும்பாது.

உன்னோடு முடிக்க வேண்டியது ஒன்றுதான். கப்பலில் ஒரு பகல், காலைக் காப்பியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும், அப்பாவின் கை உன் கையில் இருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். யாரும் எழுப்பக் கூடாது.

அம்மா,
ஜக்கம்மாள்.