அக்காவின் கல்வெட்டில் சாருஜா

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து தயாளினி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

அக்கா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைத் தம்பி கோகுலன் போனில் வாசித்தான். கேட்டபடி அயன்பண்ணி, நான் வேலை செய்யும் வீட்டுக்காரியின் சட்டையைக் கருக்கிவிட்டேன். பயப்படாதீர்கள், அவள் ஏசவில்லை.

நல்லூர் வாத்தியார் அக்காவை மனதில் வைத்து எழுதிய சரித்திரக் கதையைத்தான், அக்காவின் வாழ்க்கை என்று தம்பி அதில் போட்டிருக்கிறான். கதையில் அவள் அரண்மனை ஓவியக்காரி. இளவரசனை நினைத்துக் கலியாணமே கட்டாமல் நிலவில் படம் கீறுகிறாள். எங்கள் அக்கா வெயிலில் கோயில் மயில் வாகனத்துக்கு அல்லவா பெயின்ற் அடித்தாள்! மகள் சாருஜாவைச் சேலை ஏணையில் போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டு, "மயிலின்ரை கண்ணைக் கீறிப்போட்டு வாறன், சோத்தை மூடி வையடி" என்பாள் என்னிடம்.

"கதை வடிவாய் இருக்கு சின்னக்கா, ஆக்கள் வாசிச்சு அழுவினம்" என்றான்.

"ஆரை நினைச்சடா அழுவினம்?" என்று கேட்டேன்.

சாருஜா வளர்ந்து தாயைத் தேடினால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பாள். அந்தக் கதையில் பிள்ளையே இல்லை, அம்மா. ஏணையையும் அவளையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். சாருஜாவுக்குப் புத்தகத்தில் இடம் காணாவிட்டால், குடும்பத்தார் வரிசையில் என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வராதவள்தானே.

மகள்,
தயாளினி