ஒரு ரூபாய் மேஜையில் யாரும் பயப்படுவதில்லை

மே 6, 2024

மன்னிக்கணும். எழுதுகிற அளவுக்கு எனக்கு எதுவும் நடந்துவிடவில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. முகத்துக்கு நேரே பேச வராதவள் எங்கேயாவது பேசத்தானே வேண்டும்.

இன்று போனில் போக்கர். ஒரு ரூபாய் மேஜை, பந்தயம் ஒரு ரூபாயில் தொடங்கும். கையில் இரண்டு ராணிகள். நடுவில் பொதுச் சீட்டு விழுமுன்னே ஒருவன் பந்தயத்தை ஏற்றினான். நான் வழக்கம்போல் அதே அளவு வைத்துப் பேசாமல் கூடப் போனேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் மலிவாக உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தன் எட்டும் ஆறும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஜோடி சேர்ந்து, என்னை அடித்தான்.

இந்த ஆட்டத்தைச் சொல்லித்தந்த கல்லூரித் தோழி ஸ்ரீகலா சிரித்தாள். "எட்டி சோனா, ராணிய வச்சிட்டு சும்மா கூடப் போவியா? அவன் ஏத்தினா நீ அதுக்கு மேல ஏத்தணும். வீட்டிலயும் நீ இப்பிடித்தான."

மே 9

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்பது. ஜெயதாஸ் மாமா, அம்மாவின் அண்ணன், சபைக் கமிட்டிக்காரர். எங்களிடம் நேரே சொல்லாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லுவார்.

"இந்தப் பிள்ளைக்க கையில இருந்து அந்தச் சீட்டுக்களிய எடுத்துப்போட்டு, திருப்புறத்துப் பையனுக்க கையப் பிடிச்சுக் குடும் ஆண்டவரே. ஒரு டிகிரி போதும்."

திருப்புறம் ஊரில் மாமா எனக்குப் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை அவன். எல்லோரும் ஆமென்.

ஜெபத்தை எப்படி எதிர்த்துப் பேசுவது? அடுத்தது என் முறை. ஆமென் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட்டேன். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்திருப்பது யாருக்கும் தெரியாது.

மே 21

ஏற்றிப் பார்த்தேன். கையில் ஏஸும் ஐந்தும், அதாவது ஒன்றுமில்லை. மிரட்டினால் எதிராளி சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். ஜாக்கியும் ஒன்பதும் வைத்துக்கொண்டு கூடவே வந்து, ஒன்பது ஜோடி சேர்ந்து ஜெயித்தான்.

சாயங்காலம் மாமாவிடமும் அதே புத்தி. "எனக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு மாமா." பொய். மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"கொள்ளாமே, நல்ல காரியம் மக்கா! ஆர்டரக் காட்டு, பாப்பம்."

எதைக் காட்ட?

மே 22

யோசித்தேன். சின்ன மேஜையில் யாரும் மிரளமாட்டார்கள். போனால் ஒரு ரூபாய், அவர்களுக்கு என்ன? மாமாவும் அப்படித்தான். ஆர்டரைக் காட்டு என்று கேட்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே இங்கே வெறுங்கையோடு ஏற்றக்கூடாது. ஆனால் நல்ல கை வந்துவிட்டால் பதுங்கக்கூடாது. அவன் வைத்ததைப்போல் நாலு மடங்கு வைக்கணும். வெட்கமே படாமல்.

ஜூன் 11

கொச்சியில் இடம் கிடைத்துவிட்டது. புள்ளியியல்!

ஜூன் 13

மாமா அதே ஜெபம். கூடவே, "ஓணத்துக்கு மின்னயே முடிச்சுக் குடும்."

என் முறை.

"ஆண்டவரே, மாமா கேட்டதக் குடுக்கண்டாம்."

யாரோ இருமினார்கள்.

"கொச்சியில எனக்கு எடம் குடுத்திருக்கீரு, ஸ்தோத்திரம். நான் படிக்கப் போறேன். திருப்புறத்துப் பையனுக்கு வேற நல்ல பிள்ளயக் குடும். சீட்டுக்களி பாவமின்னா அத நீரே எனக்கிட்டச் சொல்லும். மாமா வழியா வேண்டாம்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. நானே சொன்னேன், சத்தமாக.

மாமா கண்ணைத் திறந்துவிட்டார். "புஷ்பம், கேட்டியா ஒனக்க மவளுக்க ஜெபத்த?"

அம்மா திறக்கவில்லை. "கண்ண மூடுங்க அண்ணா. இன்னும் ரெண்டுபேரு ஜெபிக்கணும்."

ஜூன் 20

ஜெபக்கூட்டம் பக்கத்து மினி அக்கா வீட்டுக்கு மாறிவிட்டது. மாமா எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அம்மாவும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஜூலை 7

நாளைக் காலை ரயில். மினி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"பிள்ளயத் தனியாவா விடுத?"

"அவ எம்.எஸ்சி. படிக்கப் போறா, ஆக்கும்."

"ஒனக்க அண்ணன் பிணங்கிப் போனாரே?"

"பிணங்கட்டு."

அம்மா, அன்றைக்கு ஆண்டவரிடம் எல்லாம் கேட்டேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. நாளைக்கு ஆட்டோ வரைக்கும் வந்து நின்றுவிடாதே. பாறசாலை ஸ்டேஷனுக்கு, பிளாட்பாரம் வரைக்கும், நீயும் வா.