சூரைப்பழம் பழுக்கும் மாதம்

நேற்றுத் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. காட்டோர மக்கள் சுற்றுலாவால் பிழைக்கப் பல்கலைக்கழகங்கள் எப்படி உதவலாம் என்று இரண்டு நாள் கருத்தரங்கமாம். நடத்துவது எங்கள் பல்கலைக்கழகம்; நான் அங்கே டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். பேசப்போகிறவர்கள் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் முனைவர்கள். காட்டோரத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. வாசலில் நின்றபடியே படித்தேன். நீ இருந்திருந்தால் நேராக உன்னிடம்தான் எடுத்து வந்திருப்பேன். போன ஆடியில் நீ போய்விட்டாய். உன் மகள் எனக்குச் சொல்லியனுப்பவே பத்து நாள் ஆயிற்று.

நாம் முதலில் பழகியது, பாம்புத் தோல் வியாபாரத்தை அரசாங்கம் நிறுத்திய சமயத்தில். வண்டலூர் காட்டை ஒட்டியிருந்த உங்கள் ஏழு இருளர் குடும்பங்களுக்கும் பிழைப்பு போயிற்று. உன் புருஷன், முன்பணம் கொடுத்து அரிசி ஆலைக்குக் கொத்தடிமையாக ஆள் சேர்க்கிறவனிடம் போய் நின்றான். அப்போதுதான் தாம்பரத்தில், ஒரு வாடகை பங்களாவில் இருந்த எங்கள் பல்கலைக்கழகக் களப்பயிற்சி நிலையத்தின் முதல் இயக்குநருக்கு அந்த யோசனை வந்தது. மெட்ராஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வரட்டும், காட்டைச் சுற்றிக் காட்டுவதும் சாப்பாடு போடுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும் என்றார்.

நானும் சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொள்வேன். மாம்பலத்திலிருந்து வந்த ஒரு டாக்டரம்மாவின் பிள்ளைகள் முதல் நாள் போட்ட கூச்சலை யாராலும் அடக்க முடியவில்லை. நீ திரும்பி நின்று, "சத்தம் போடாதீங்க கண்ணு, அதுங்க வூட்டுக்கு வந்துகீறோம்" என்றாய். அதற்கப்புறம் பிள்ளைகள் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டார்கள். உடும்பு போன தடத்தைக் குனிந்து பார்த்தார்கள். மதியம் உங்கள் குடிசை வாசலில் கேழ்வரகு அடையும் கருவாட்டுக் குழம்பும். இரண்டு வருஷம் அப்படி நடந்தது. அந்த இரண்டு வருஷமும் ஏழு குடும்பங்களில் ஒருவரும் அரிசி ஆலைப் பக்கம் போகவில்லை.

அந்த நாட்களில்தான் நீ வாரம் ஒருமுறை பங்களாவுக்கு வந்து, செடி செடியாக, பூச்சி பூச்சியாகச் சொல்லுவாய். நான் டைப் அடிப்பேன். அது புத்தகமாக வந்தபோது அட்டையில் நிலையத்தின் பெயர் இருந்தது. உன் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த பதிப்பில் போடலாம் என்றார்கள்.

பிறகு புது இயக்குநர் வந்தார். வழிகாட்டிகளுக்கு இனி சான்றிதழ் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள்தான் எழுதலாம் என்று சுற்றறிக்கை. உங்களில் ஒருவர்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. நீங்கள் விரும்பினால் தண்ணீர் தூக்க வரலாம் என்று கடைசியில் ஒரு வரி. அதை டைப் அடித்தது நான்தான். அடித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

உன்னிடம் வந்து படித்துக் காட்டினேன். பரீட்சைக்கு என்ன படிக்கணும் என்று கேட்டாய். அந்தப் புத்தகத்தைத்தான் என்றேன்.

"நான் சொன்னத அவங்க படிச்சிட்டு, எனக்கு மார்க்கு போடுவாங்களா யக்கா?"

திங்கட்கிழமை நீ தனியாகப் பங்களாவுக்கு வந்தாய். இயக்குநர் நாற்காலி போடச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். விதி மேலிருந்து வந்தது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாய். அவர் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார். நாலைந்து கேள்விக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முள்புதரில் காய்க்கும் சூரைப்பழம் எப்போது பழுக்கும் என்று கேட்டார். மார்கழி, தை என்றாய். புத்தகத்தில் சித்திரை என்றுதானே இருக்கிறது என்றார்.

"அது பாலைப்பழத்துக்குச் சொன்னது சார். அடிக்கறப்போ மாறிப்பூட்ச்சி."

மாற்றி அடித்த நான் அதே அறையில் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, உனக்கு விஷயம் தெரியும், ஆனாலும் விதி விதிதான் என்றார்.

நான் எழுந்தேன். "சார், இந்தப் புத்தகமே இவங்க சொன்னது. இவங்களுக்குப் பரீட்சை வைக்க நமக்கு வெட்கமா இல்லையா?"

குறிப்பு எழுதுகிற வேலையை மட்டும் பாருங்கள் என்றார். அதையே செய்தேன். அந்த அறையில் பேசியதை ஒரு சொல் விடாமல் டைப் அடித்து, பதிவாளருக்கு ஒரு நகல் அனுப்பினேன். பதினைந்து நாளில் என்னைப் பட்டணத்து ஆபீசுக்கு மாற்றினார்கள். விதி மாறவில்லை.

சான்றிதழ் வாங்கிய மாணவர்கள் காட்டுக்குள் நின்று புத்தகத்தை உரக்க ஒப்பித்தார்கள். சித்திரையையும் சேர்த்துத்தான். மெட்ராஸ்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள், ஒரு வருஷத்தில் எல்லாமே நின்றது. மக்களிடம் ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதினார்களாம். நான்கு குடும்பங்கள் அரிசி ஆலைக்குப் போயின. உனக்குப் பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை.

பல வருஷம் கழித்துப் பல்லாவரம் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தேன். தோல் ஊறப்போடும் சுண்ணாம்பில் உள்ளங்கை வெந்து, உரிந்திருந்தது. அந்த இயக்குநர் என்ன ஆனார் என்று நீ கேட்கவில்லை, நானாகச் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. "அந்த மாம்பலத்துப் பசங்க நல்லா கீதுங்களா யக்கா?" என்று மட்டும் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டாய்.

விடிந்தால் வேலை, திரும்பினால் அடுப்பு என்று இருந்த உனக்குக் கோபப்பட நேரமே கிடைக்கவில்லை. நானோ மாதச் சம்பளமும் பென்ஷனும் வாங்கி உட்கார்ந்திருப்பவள். அதனால் உன் பங்குக் கோபத்தையும் நானே வைத்திருக்கிறேன். எழுபது தாண்டிவிட்டது, இதையெல்லாம் இனி விட்டுவிடுங்கள் என்கிறார்கள் வீட்டில். விடுவதாக இல்லை.