ரப்பர் பால் நம்பரும் மச்சான் ரத்தமும்

அன்பு மச்சான் செல்லையாவுக்கு,

நீ இருக்கிற எடத்துக்குத் தபால் போகுதோ இல்லையோ, நான் எழுதினா போகும். அஞ்சாம் வகுப்போட நின்னவன்தான். ஆனா யட்டியாந்தோட்டை தபால் கந்தோர்ல என் கையெழுத்தைப் பார்த்துட்டு, "எந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்டர்?"னு கேட்டாங்க. நீ சிரிப்ப. சிரி.

உன் தொண்டை கட்டிப்போன காலத்தை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கரகரன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்ச. நான்தான் உன்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். ஈ.எஸ்.ஆர்னு ஒரு ரத்தச் சோதனை. மெல்லிசான குழாயில ரத்தத்தை நிறுத்தி வெச்சு, சிவப்பு எவ்வளவு வேகமா கீழ இறங்குதுன்னு பாக்குறது. "நம்பர் ரொம்ப ஏறியிருக்கு. அடுத்த கிழமை கட்டாயம் வாங்க, தொண்டைக்குள்ள பாக்கணும்"னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னா.

நீ வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்த. "பார்த்தியா மச்சான், ரப்பர் பால்ல அளவு பாக்குற மெட்ரோலக் குழாயை முக்கினா, நம்பர் ஏறினாத்தானே கெட்டிப் பால்னு கணக்கப்பிள்ளை தலையாட்டுறாரு? என் ரத்தம் மழைத்தண்ணி கலக்காத முதல் தரம்!" பால் வெட்டுற ஆளுக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேணும்? லயத்து வீடுங்கள்ல எல்லாரும் அதையே நம்பினாங்க. அடுத்த கிழமை நீ ஆஸ்பத்திரிக்குப் போகல, பால் வெட்ட மரத்துக்குத்தான் போன.

அப்புறம் சோறு இறங்கல. தண்ணியும் இறங்கல. மகரகமைக்கு அனுப்பினாங்க. புத்துநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர் பேரைக் கேட்டாலே நம்ம லயத்துல அடுப்பு தானா அணைஞ்சிடும். கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விட வெச்சாங்க. கடைசியா நீ என்கிட்ட என்னமோ சொல்ல வந்த. வாய் அசைஞ்சுச்சு, காத்துதான் வந்துச்சு. என்னா சொன்ன மச்சான்?

சரி, இப்ப உள்ள சேதிக்கு வாறேன். உன் சம்சாரம், என் தங்கச்சி பார்வதிக்குக் குரல் கம்மிப்போச்சு. எச்சில் முழுங்கினா காதுக்குள்ள குத்துதாம். அவளுக்கும் ரத்தம் பார்த்தோம். நம்பர் கொறைவு. அவளுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, அவருக்கு ஏறினதாலதானே போனாரு? எனக்குத்தான் இறங்கியிருக்கே. பேசாம அந்த வெத்தலைப் பெட்டியை எடுங்க."

நான் விடுவேனா? டொக்டர் மேசையில கையை ஊண்டிக்கிட்டு "நம்பர் கொறைஞ்சா நோய் இல்லையா?"ன்னு சிங்களத்துல நான் கேட்டதுல, வரிசையில நின்ன சனமே திரும்பிப் பார்த்துச்சு. அவரு எழும்பி நின்னுதான் பதில் சொன்னாரு. "மாமா, ஒடம்புல எங்கயோ குழப்பம்னு மட்டும்தான் ரத்தம் சொல்லும். எந்த எடம்னு சொல்லாது. காய்ச்சலுக்கும் ஏறும், வாதத்துக்கும் ஏறும். சில பேருக்குப் புத்துநோய் இருந்தும் ஏறாது. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பார்த்து, சதை கிள்ளிச் சோதிச்சாத்தான் நெசம் தெரியும். மகரகமைக்குப் போகத் துண்டு எழுதித் தாறேன்."

உனக்கு ஏறினதை நல்லதுன்ன. அவ தனக்கு இறங்கினதை நல்லதுங்கிறா. எந்த நம்பர் வந்தா மச்சான் நம்ம ஆளுங்க பயப்படுவாங்க?

மகரகமைக்குப் போவோம்னு பார்வதியைக் கூப்பிட்டா, "எனக்கு ஐடென்டி கார்டு இல்ல, செக்பொயிண்ட்ல பஸ்ஸை விட்டு எறக்கிடுவாங்க"ன்னா. "என் சிங்களத்தைக் கேட்டா பொலிஸ்காரன் சல்யூட் அடிப்பான், வா"ன்னேன். "அங்க போனவங்க யாரு அண்ணே திரும்பி வந்தாங்க?"ன்னு கேட்டா.

ஆனாலும் நாளைக்குக் காலைல கூட்டிக்கிட்டுப் போறேன். வரமாட்டேன்னா தூக்கிக்கிட்டுப் போவேன். இந்தத் தோட்டத்துல என் தோளுக்கு மிஞ்சின தோளு யாருக்கு இருக்கு? தொண்டையைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி வாங்குப் பலகையை விட்டு எழும்ப மாட்டேன். நல்ல சேதின்னா பத்து மடங்கு கூட்டி ஊருக்கே சொல்லுவேன். கெட்ட சேதின்னா, ஒரு சொல்லும் கூட்டாம, ஒரு சொல்லும் கொறைக்காம, அவகிட்டயே சொல்லுவேன். உன் மேல சத்தியம்.

பார்வதிக்கு அண்ணன்,
உனக்கு என்னைக்கும் மூத்த மச்சான்,
சண்முகம்