மாட்டுக்கு இடமில்லாத கட்டுரை

என்னங்க,

போனில் சிக்னல் வந்து வந்து போகிறது. கஜேந்திரன் அண்ணன் கொழும்புக்குத் திரும்புகிறாராம், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நானும் பிள்ளையும் தோட்டத்து லய வீட்டில் இல்லை, பாடசாலை மண்டபத்தில் இருக்கிறோம். பயப்படாதீங்க.

நிர்வாக சேவைப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிப் பழகுகிறேன். நீங்க சொன்ன மாதிரியே முதலில் திட்டம் போட்டுக்கொண்டேன்: முன்னுரை, காரணங்கள், விளைவுகள், பரிந்துரைகள், முடிவுரை. தலைப்பு, மண்சரிவு அனர்த்தம். இந்த முறை இதுதான் வரும் என்கிறார்கள். வரவே கூடாது என்று மாரியம்மாவை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எச்சரிக்கை கிடைத்ததும் மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. அழகாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கிராம சேவகர் வந்து மண்சரிவு எச்சரிக்கை சொன்னதும் லயமே இறங்கியது, மாமா மட்டும் வரவில்லை. "சினை மாட்ட விட்டுட்டு எப்படிம்மா வர்றது? அவுத்து விட்டா பள்ளத்துல விழுந்துரும்" என்கிறார். பாடசாலையில் மாடு கட்ட விடமாட்டார்கள். என் கட்டுரைத் திட்டத்திலும் மாட்டுக்கு இடமில்லை.

நம்ம வீட்டுக் காம்பராவின் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீங்க. லீவு போட்டுவிட்டு வாங்க என்றும் நான் சொல்லவில்லை. பெற்ற மகன் நீங்க நேரில் கூப்பிட்டால் மாமா இறங்குவார் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

எச்சரிக்கை விடுத்த இடத்துக்குள் யாரும் திரும்பிப் போகக் கூடாது. இது இரண்டாவது பரிந்துரை.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. மேலே ஏறி மாமாவுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு வந்து முடிவுரையை எழுதுகிறேன்.

உங்கள் மனைவி