குழாய்க் காற்று

மச்சான்,

மூன்று வாரமாக நம் வீட்டில் ரப்பர் வாசனை. மாப்பிள்ளை, அதாவது என் மகளைக் கட்டியவர், கடலுக்குள் முங்குவதற்கு முகக்கண்ணாடி ஒன்று வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அது மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி. வாசனை அடுப்படி வரைக்கும் போனது. வள்ளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் தங்கை கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நீ இந்த மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. நீ போய்ச்சேர்ந்தபிறகு வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே சைகோனில் தூ டுக் பகுதியில் இன்ஜினியர். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குகிறார். போகட்டும்.

முங்குவதற்குக் கூடப் பரீட்சை உண்டாம் மச்சான். தாவோ தியெனில் ஒரு கடையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐம்பது கேள்வி. அதில் தேறி, நீச்சல் குளத்தில் செய்துகாட்டி, பிறகுதான் ஞா சாங் கடல். யாருக்காவது சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று, பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியைத் தமிழில் எனக்கு வாசிப்பார். இறங்கும்போது காது வலித்தால் என்ன செய்வது என்றார். மூக்கைப் பிடித்து ஊது, அடைப்பு விடாவிட்டால் கொஞ்சம் மேலே வா என்றேன். தனியாக முங்கலாமா என்றார். கூடாது என்றேன். நாலாவது நாள் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "மாமா, பரீட்சை எனக்கு. நீங்க பாஸாகி என்ன பண்ணப் போறீங்க?" உன் தங்கை அடுப்படியிலிருந்து, "எழுதத் தெரியாதவருக்கு எதுக்குங்க மார்க்கு" என்றாள். மூவரும் சிரித்தோம்.

அடுத்த நாள், எல்லாவற்றுக்கும் முதல் விதி எது என்று கேட்டார். மூச்சை விடாதே என்றேன். தப்பு என்றார். மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பதுதான் முதல் விதியாம். நான் விடவில்லை. வாய்க்காலில் நாம் எண்ணி எண்ணி அடக்கியதைச் சொன்னேன். நீ இருநூறு, நான் நூற்றெழுபது. ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். மேலே இழுத்த மூச்சு கீழே போனால் சுருங்கும், திரும்பி வந்தால் பழைய அளவுதான். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே போய்க் குழாய்க் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால்தான் ஆபத்து. பத்து மீட்டரில் நெஞ்சை நிரப்பினால் மேலே வரும்போது அது இரண்டு மடங்கு.

"நுரையீரல் கிழிஞ்சிடும் மாமா. காத்து ரத்தத்துல ஏறி மூளைக்குப் போயிடும். ஒரு பக்கம் அப்படியே விழுந்துடும்."

உனக்கு நடந்தது அப்போது அவருக்குத் தெரியாது. பாடத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

சைகோன் விழுந்து நாலாவது வருஷம். துணிக்கடை மூடி, நாம் ஆற்றில் முங்கி, அமிழ்ந்த படகுகளின் இரும்பை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இரும்பு வாங்கும் முதலாளி காற்றடிக்கும் கம்ப்ரசரும் ரப்பர்க் குழாயும் கொண்டுவந்தார். முதலில் நீ இறங்குகிறேன் என்றாய். கயிறு என் கையில். குழாயை வாயில் வைக்குமுன் உன் தோளைப் பிடித்துச் சொன்னேன்: "குழாய்க் காத்தை நம்பாத மச்சான். நடுவுல நின்னுட்டா செத்த. கீழயே நெஞ்சு நிறைய இழுத்துக்க, மேல வர்ற வரைக்கும் ஒரு சொட்டு விடாத." நீ தலையாட்டினாய்.

கயிறு ஆடியது, இழுத்தேன். படகு விளிம்பைப் பிடித்துக் குழாயைத் துப்பினாய். "நீ சொன்னபடியே. ஒரு சொட்டு விடல" என்று சிரித்தாய். சிரிப்பு ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. நீ நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சைக்லோ ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். பக்கத்து வீட்டம்மா வந்து காற்றுப் பட்டுவிட்டது என்று முதுகில் தைலம் தடவிக் காசால் சுரண்டினாள். நம் ஆட்கள் ஆற்றுக் காத்து கருப்பு என்றார்கள். நான் கம்ப்ரசர் எண்ணெய்ப் புகை என்றேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். வலது கை மடங்கிப்போய் முப்பத்தாறு வருஷம், மாரியம்மன் கோயில் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்றாய். நீ கோணல் வாயால் என்னைத் திட்டுவாய், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாய். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

மாப்பிள்ளை வேலைக்குப் போனபிறகு உன் தங்கையிடம் சொன்னேன். உன் தோளைப் பிடித்து நான் சொன்னது அவளுக்கு அதுவரை தெரியாது. உனக்கு அத்தனை வருஷம் சோறு பிசைந்து ஊட்டியவள் அவள். சாயங்காலம் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்லாட்டியும் அவன் அடக்கிக்கிட்டுத்தான் வந்திருப்பான். சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தானே முங்கினான்."

இருக்கலாம். ஆனால் சொன்னது நான்.

மாப்பிள்ளை ஐம்பதில் நாற்பத்தெட்டு வாங்கினார். ஞா சாங் பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்று வாசலில் அவர் தோளைப் பிடித்தேன். கை தானாகவே அங்கே போனது.

"மாப்பிள்ளை, மேல வர்றப்ப விட்டுக்கிட்டே வாங்க."

"தெரியும் மாமா. அதுக்கு மார்க்கே வாங்கியிருக்கேன்."

"தெரிஞ்சாலும் நான் சொல்லணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "விட்டுக்கிட்டே வர்றேன் மாமா" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு இறங்குகிறோம் என்று தகவல் அனுப்பியிருந்தார். நான் நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் உனக்கு எண்ணுவேனே, அதே மாதிரி. எழுபதைத் தாண்டியபோது உன் தங்கை முதுகில் கை வைத்தாள்.

"விடுங்க" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.